வலது பக்கக் கீறல்

"இந்தப் பக்கம் ஒரு கீறல் போட்டுத் தரணும்."

காது சரியாகத்தான் கேட்டதா என்று பெயின்டருக்கே சந்தேகம். கீறலை மறைக்கச் சொல்லி வருகிறவர்கள் தினமும் பத்துப் பேர். போடச் சொல்லி வந்தவர் இந்த மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருத்தர்தான்.

"என்ன சார், வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"விளையாட்டு இல்லண்ணே. வலது பக்க சைடு கவர்ல. வண்டி கீழ விழுந்து தேய்ஞ்ச மாதிரி இருக்கணும்."

போன வாரம் இதே பைக்கின் இடது பக்கத்தைச் சரி செய்து கொடுத்தது பெயின்டர்தான். சைடு கவர் உடைந்து, டேங்க்கில் சிராய்ப்பு. கவரைப் புதுசாக மாற்றி, டேங்க்குக்குப் பட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்ததில், அடிபட்ட இடத்தை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அதைவிட நன்றாக நினைவிருந்தது, அன்றைக்கு இந்த மனிதர் போட்ட கூச்சல். பக்கத்திலேயே அவர் மனைவி, முழங்கையில் கட்டோடு.

"பன்னெண்டு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டா. கண்ணு முன்னால இருந்த பள்ளம் தெரியலையாம்!" என்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் நியாயம் கேட்டார்.

அந்தம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதால்தான் வண்டி பழக ஆரம்பித்ததே. "இனி இதைத் தொடவே மாட்டேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அழுதபடி நடந்தே போய்விட்டார்.

பெயின்டர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தார்.

"இதையும் அந்தம்மா தலையில கட்டப் போறீங்களா சார்?"

கண்ணாடிக்காரர் திடுக்கிட்டார். "ஐயோ, அதில்லண்ணே..."

"ஏற்கெனவே பயந்து போயிருக்கிற பொம்பளை. இன்னொரு கீறலைக் காட்டி, 'பாரு, நீ எதுக்கும் லாயக்கில்லை'ன்னு வீட்டோட உக்கார வைக்கத்தானே? வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறீங்களே, நல்லாவா இருக்கு?"

"வீட்டு விஷயம்ணே. சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லவே வேணாம். நல்லா இருக்கிற வண்டியைக் கெடுக்கிற வேலை இந்தக் கடையில நடக்காது. கிளம்புங்க!"

கண்ணாடிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெயின்டருக்குத் தலைகால் புரியவில்லை. "மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டு அனுப்பிட்டேன்ல!" என்று அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. அதே வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது அந்தம்மா. வலது பக்க கவரில் பெரிய கீறல்.

பெயின்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், வேற எங்கேயோ போய்க் காரியத்தை முடிச்சுட்டானே! இனி உண்மையைச் சொல்லாமல் விடக் கூடாது.

"அம்மா, இந்தக் கீறல் இருக்கே..."

"அதை ஏன் கேக்கறீங்கண்ணே!" அந்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்! எங்க வீட்டு கேட் முன்னாலயே, கொஞ்சூண்டு மணல்ல சறுக்கி! பன்னெண்டு வருஷம் ஓட்டின சூரப்புலி!"

பெயின்டர் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

"முகத்தைத் தொங்கப்போட்டுட்டு வந்து நிக்கிறார். 'உன்னை அந்தக் கத்து கத்தினேன், எனக்கே இந்தக் கதி'ங்கறார். அன்னைக்கு அழுததுக்கெல்லாம் சேர்த்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். 'சாவியைக் கொடுங்க, உங்களைவிட மோசமாவா ஓட்டிடுவேன்'னு வாங்கினேன். ரெண்டு நாளா நான்தான் ஓட்டறேன். திங்கக்கிழமை வேலைக்கும் இதுலதான் போறேன்."

பெயின்டர் குனிந்து கீறலைப் பார்த்தார். வண்டி விழுந்தால் முதல் அடி ஹேண்டில்பார் முனைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும்தான். இரண்டும் பளபளவென்று இருந்தன. கவரில் மட்டும் நாலு கோடு, சாவியால் இழுத்தது. பாதியில் மனசு வராமல் நிறுத்திய இடம்கூடத் தெரிந்தது. அட கடவுளே, இந்த மனுஷனையா கடையை விட்டு விரட்டினோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுக்கு பெயின்ட் அடிக்க வண்டியை எப்ப விடலாம்ணே?"

"அவசரமே இல்லம்மா. வேலையில சேர்ந்து நிதானமா வாங்க."

"அதுவும் சரிதான். மத்தியானம் என் தம்பி வரான், அவனும் மெக்கானிக்தான். முதல்ல அவன்கிட்ட காட்டி எங்க வீட்டுக்காரர் மானத்தை வாங்கணும்!"

தம்பியா? மெக்கானிக்கா? பார்த்த மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடுமே!

"அம்மா, உள்ள சுவத்துல கலர் அட்டை தொங்குது. உங்க வண்டி நிறம் அதுல எதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

அந்தம்மா உள்ளே போனதுதான் தாமதம். பெயின்டர் உப்புத்தாளை எடுத்து, நன்றாக இருந்த ஹேண்டில்பார் முனையையும் ஃபுட்ரெஸ்டையும் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.