நான்காம் வகுப்பில் ஊராட்சிக் கூட்டம்

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கடைசிப் பெஞ்சு. ஜன்னலை ஒட்டிய இடம்.

யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. கதவைத் தாண்டியதும் கால்கள் தாமாக நடந்திருந்தன.

ஊராட்சி அலுவலகக் கூரை ஒழுகியதால் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை. பிள்ளைகள் இல்லை. தலைவர், செயலர், அவளையும் சேர்த்து வார்டு உறுப்பினர்கள் ஆறு பேர். எல்லோரும் இதே அறையில் படித்தவர்கள். எல்லோருக்கும் இப்போது முழங்கால் இடித்தது.

"பெஞ்சு சின்னதாப் போச்சா, நீ பெருத்துப் போனியா?" தலைவர் பக்கத்திலிருந்த துணைத்தலைவரின் தொப்பையைத் தட்டினார்.

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு தலைவர் டெல்லியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார்.

இந்தப் பள்ளியில் காலனிப் பிள்ளைகளைப் பின்னால் தனியே உட்கார வைப்பதாகப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் புகார் வந்திருக்கிறது. உண்மையென்றால் மாத முடிவுக்குள் கலந்து உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் ஊராட்சி தீர்மானம் போட்டுப் பதில் அனுப்ப வேண்டும்.

புகாரில் பெயர் இல்லை.

அவள் வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். எழுதிய கை.

அவள் மகள் செவ்வந்தி வகுப்பிலேயே குட்டை. முன்னால் இருக்கும் தலைகளுக்கு இடையே கரும்பலகை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பாதிக் கணக்கோடு வீட்டுக்கு வருவாள். மகளை முன்னால் விடுங்கள் என்று அவள் இரண்டு முறை வந்து கேட்டாள். அவரவர் இடத்தில் அவரவர் இருக்கட்டும் என்றார் தலைமையாசிரியர்.

அவள் படித்த காலத்து வாத்தியாரும் இதைத்தான் சொன்னார். வாயால்கூட அல்ல, விரலால். அவர் இறந்து பதினைந்து வருடம். சற்று முன் கதவருகே அந்த விரல் நீண்டே இருந்தது.

"நம்ம ஊர்ல யாருய்யா பிரிச்சுப் பாக்குறா?" என்றார் துணைத்தலைவர். "டெல்லிக்காரனுக்கு வேற சோலி இல்ல."

இரண்டாம் வரிசையிலிருந்து வேலம்மாள் மெதுவாகக் கேட்டாள். "மாத்தி உக்கார வச்சாத்தான் என்னவாம்?"

"உம் பேரன மொதல்ல பின்னால அனுப்புறியா அத்தாச்சி?" என்றார் துணைத்தலைவர்.

வேலம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எழுதுய்யா," தலைவர் செயலரிடம் சொன்னார். "அப்படி எதுவும் இல்ல. ஏகமனதா."

தீர்மான நோட்டு முன்வரிசையிலிருந்து கிளம்பியது. பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்தது. அவள் பக்கத்தில் இருந்தவர் காத்தமுத்து, காலனியில் அவள் தெருக்காரர், ஐந்தாவது வார்டு. கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டைத் தள்ளினார்.

"போட்டுருத்தா. மழ வரப்போவுது."

அவள் பேனாவைத் திறந்தாள்.

இந்தக் கையெழுத்தோடு கடிதம் மூடப்படும். திங்கட்கிழமை செவ்வந்தி இங்கே வந்து உட்காருவாள்.

நிமிர்ந்தாள்.

முதுகுகள். தலைவரின் வழுக்கை. வேலம்மாளின் கொண்டை. நடுவே கரும்பலகை, துண்டு துண்டாக.

வேலம்மாளுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சுகள் காலி. அவற்றுக்குப் பின்னால் அவளும் காத்தமுத்துவும்.

அந்தக் காலிப் பெஞ்சுகளில் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

"தலைவரே."

அவள் குரல் ஒன்பது வயதுக் குரலாக வந்தது.

"இப்ப நாம உக்காந்திருக்கிறதையும் இதுல எழுதிரலாமா?"

திரும்பினார்கள். அவளைப் பார்த்தார்கள். காத்தமுத்துவைப் பார்த்தார்கள். பிறகு, நடுவில், காலிப் பெஞ்சுகளை.

காத்தமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



முன்வரிசையில் துணைத்தலைவர் எழுந்திருக்கப் போனார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில், நிற்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல், அவர் அப்படியே இருந்தார்.