ஏழு நாள் ஈரம்

பூங்கோதை கை வைத்ததும் பக்கச் சுவரின் பூச்சு மணலாக உதிர்ந்தது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போல, சுவர் தன்பாட்டுக்கு மெல்லச் சொரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பூச்சு முடிந்த மறுநாள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவள், இரண்டு வருடம் கழித்து, மிச்சமிருந்த துணிமணிகளை எடுத்துப்போக வந்திருந்தாள்.

"பூசினதும் ஏழு நாள் தண்ணி விட்டிருக்கணும்மா. ஒரு சொட்டுகூட விடல. தாகத்துலயே செத்துப்போச்சு," என்றார் கொத்தனார். முன்சுவரை நேற்றுதான் புதிதாகப் பூசியிருந்தார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "அதுக்குக்கூடவா நான் வேணும்? அந்த ஏழு நாளும் எங்க போயிருந்தீங்க?"

தயாளன் தலையைச் சொறிந்தான். "உங்கம்மா வீட்டுத் தெருமுனையிலதான் நின்னுட்டிருந்தேன்."

"வந்து ஒரு வார்த்தை கூப்பிடறதுக்கென்ன?"

"நீ வாசலுக்கே வரலியே."

அவள் உள்ளே போகவில்லை. ரப்பர் குழாயை எடுத்து முன்சுவரின் மேல் பிடித்தாள். ஒரு துளியும் கீழே வரவில்லை. சுவர் அவ்வளவையும் குடித்துவிட்டுப் பெருமூச்சுவிட்டது.

"சாயங்காலமும் விடணும். யாரு விடுவீங்க?" என்று கொத்தனார் கேட்டார்.

இருவரும் நனைந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாயை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.