பச்சைக் கட்டம்

“மறுபடியும் உன் மூஞ்சிதான்!” என்று போட்டோகிராபர் கேமராவைத் தடாலென்று இறக்கினார். லென்ஸ் கடைக்காரர் பதறிப்போய்க் கண்ணாடி மேசைமேல் ஒரு துணியை விரித்து அதைத் தாங்கிக்கொண்டார்.

லைட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்ற போட்டோகிராபரின் மனைவி அசையவில்லை. பதினோரு வருஷமாக அவர் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும், மணப்பெண்ணின் தலைமுடியில் வெளிச்சம் விழப் பின்னால் நின்று லைட் பிடிப்பவள் அவள்தான். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் லைட்டக்கா.

“என் மூஞ்சிக்கு என்னங்க வந்துச்சு? எங்க நிக்கச் சொன்னீங்களோ அங்கதானே நிக்கிறேன்.”

விஷயம் இதுதான். கையால் திருகி ஃபோகஸ் செய்யும் அவருடைய பழைய லென்ஸ் முந்தாநாள் இறுகிப்போய்விட்டது. நாளைக் காலை ஒரு கல்யாணம். லென்ஸ் இல்லையென்றால் வேலை எதிர்த்தெரு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். அதன் பின்னாலேயே அந்தக் குடும்பத்தின் அடுத்த இரண்டு கல்யாணங்களும் போய்விடும்.

கேமராவைச் செய்த கம்பெனியின் லென்ஸை வாங்க, இவர்கள் கேமராவையே விற்றாலும் பற்றாது. அதே கேமராவுக்குப் பொருந்தும்படி வேறு கம்பெனிக்காரர்கள் செய்யும் தேர்ட் பார்ட்டி லென்ஸ் வாங்கலாம் என்று யோசனை சொன்னவள் லைட்டக்கா. இரண்டு நாள் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, மூன்றைத் தேர்ந்து, தாளில் எழுதிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

“எவனோ செஞ்ச லென்ஸு. பொண்ணை விட்டுட்டுப் பின்னாடி நிக்கிறவளைப் பாக்குது. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?”

மணப்பெண்ணுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தது கல்லாவில் உட்காரும் பெண். லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்யும் இடத்தைக் காட்டும் பச்சைக் கட்டம், கேமராத் திரையில் அவள் முகத்தில் ஒரு நொடி உட்காரும். அடுத்த நொடி ஒரே தாவாகத் தாவி, பின்னால் இருக்கும் லைட்டக்காவின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நிற்பவள் மங்கிப்போவாள்.

“சார், எவ்வளவு நேரந்தான் பொண்ணா நிக்கிறது? மாப்பிள்ளையையாவது கண்ணுல காட்டுங்க,” என்றாள் அவள்.

இரண்டாவது லென்ஸைப் போட்டார்கள். மூன்றாவதையும் போட்டார்கள். கட்டம் அதே தாவு தாவியது.

“நீ கொஞ்சம் குனி.” லைட்டக்கா குனிந்தாள், கட்டம் சமர்த்தாகக் கல்லாப் பெண்ணிடம் வந்தது. “நிமிரு.” நிமிர்ந்தாள். போச்சு.

“சரிங்க, நாளைக்குக் கல்யாணம் பூரா குனிஞ்சே நிக்கிறேன். சாப்பிடறப்ப மட்டும் நிமிந்துக்கறேன், பரவால்லையா?”

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவளுக்கு உள்ளே ஒரு பழைய கணக்கு இருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் அவளை எடுத்தது ஒரே ஒரு படம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்தக் கேமரா வீட்டுக்கு வந்த அன்று, ஜன்னலோரம் நிறுத்தி, ‘அசையாதே, நேராப் பாரு’ என்று அதட்டி எடுத்தார். காட்டுங்களேன் என்றதற்கு, ‘படமெல்லாம் இல்ல, சும்மா செட்டிங்’ என்று மூடி வைத்துவிட்டார்.

யார் யார் வீட்டுப் பெண்களையோ அழகழகாக எடுக்கிறவருக்கு அவள் வெறும் செட்டிங். இன்றைக்குக் கேமராவே வலிய வந்து அவளைப் பார்க்கிறது. அதற்கும் அவளுக்குத்தான் திட்டு.

“மூணையும் எடுத்து உள்ள வைங்க. வேலை போனாப் போகுது,” என்றார் போட்டோகிராபர். லைட்டக்கா ஒரு கையால் அந்தத் தாளை நாலாக மடித்துக்கொண்டாள்.

“இருங்கண்ணே, ஒரே ஒரு தடவை.” கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, பூட்டிய அலமாரியிலிருந்து கேமராக் கம்பெனியின் லென்ஸையே எடுத்து மாட்டினார். “இது கேமராவோட பொறந்த வீட்டு லென்ஸு. இதுல சரியா வந்துட்டா, என் சரக்கு மேலதான் தப்புன்னு ஒத்துக்கறேன்.”

கட்டம் கல்லாப் பெண்ணின் முகத்தில் உட்கார்ந்தது. ஒரு நொடி. தாவிவிட்டது.

கடைக்காரர் லென்ஸை விட்டுவிட்டுக் கேமராவின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். போட்டோகிராபருக்கு என்ன தோன்றியதோ, “அதையெல்லாம் எதுக்கு நோண்டறீங்க? இப்படிக் குடுங்க,” என்று சட்டென்று கையை நீட்டினார்.

“அண்ணே, இதுல ஒரு முகம் பதிஞ்சு வெச்சிருக்கு. எத்தனை பேர் நடுவுல நின்னாலும் அந்த முகத்தைத் தேடிப் பிடிச்சு முதல்ல பாக்கணும்னு கேமராவுக்கு உத்தரவு. தானா ஃபோகஸ் பண்ற எந்த லென்ஸைப் போட்டாலும் இப்படித்தான் பாக்கும். உங்க பழைய லென்ஸு கையால திருகறது, அதான் இத்தனை நாள் தெரியல.” அவர் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினார்.

ஜன்னலோரம், கண் கூச, அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள் லைட்டக்கா.

அவள் லைட்டை மெதுவாகக் கீழே இறக்கினாள். போட்டோகிராபர், வாழ்க்கையில் முதன்முதலாக மின்விசிறியைப் பார்ப்பவர்போல் கடையின் விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ எழுதிட்டு வந்ததுல முதல் லென்ஸையே பில் போடுங்க,” என்றார் விசிறியிடம்.

“சரிண்ணே. நாளைக்குப் பொண்ணை எடுக்கணுமே, இந்த முகத்தை அழிச்சிடட்டுமா?”

“அழிக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஆஃப் பண்ணி வைங்க.”