கசிவு

தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமலிருக்க தணிகாசலம் காற்றூதும் ஓர் இயந்திரத்தின் மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு படுப்பார். அதில் காற்று கசிந்தால் இயந்திரமே கம்பெனிக்குத் தெரிவித்துவிடும். காலையில் அங்கிருந்து ஜெனிட்டா என்ற பெண் போன் செய்வாள். கசியாத நாளில் போன் வராது.

இன்று வந்தது.

“ரொம்ப லீக் ஆயிருக்கு சார். மூச்சு வேற பலதடவ நின்னிருக்கு. நடுவுல எந்திரிச்சீங்களா?”

“ஆமாம்மா.” அவர் எப்படித் தூங்கினார் என்று கேட்க வேறு யாருமில்லை.

“முகத்து எண்ணெய் பட்டாலே ரப்பர் சரியா ஒட்டாது சார். தினம் வெதுவெதுப்பான தண்ணியில பேபி சோப்பு போட்டுக் கழுவுங்க. நிழல்லதான் காயணும்.”

முதல்முறை கேட்பவரைப்போல் ஒவ்வொன்றுக்கும் “உம்” கொட்டினார்.

“மறந்துட்டா, வீட்ல யாரையாவது ஞாபகப்படுத்தச் சொல்லுங்க சார்.”

“சொல்றேம்மா.”

போனை வைத்துவிட்டு, வழக்கம்போல மாஸ்க்கைக் கழுவி ஜன்னலோரம் நிழலில் காயவைத்தார். கழுவாத நாள் ஒன்றுகூட இல்லை.

படுக்கப்போகுமுன் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. பிறகு தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு தொட்டு, ரப்பரின் விளிம்பைச் சுற்றி நிதானமாகத் தடவினார்.