வெள்ளிக்கிழமைத் தீர்த்தம்

அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கல்லாக வார்த்து, மின்சாரம் வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் பங்காக ஒரு கல்லை வைத்து ஏழு வருடம் ஆகிறது. பத்தாயிரம் வருடத்துக்குக் கசியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் பேராசிரியர் செண்பகவல்லி. அவருடைய ஆய்வு மாணவி பூங்கோதை, சோதனைக்காகத் தன் வீட்டுக் கல்லையே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

கல்லின் தலைப்பகுதி அரித்துப் பொருக்கு விட்டிருந்தது. செண்பகவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொதிக்கிற தண்ணியில ரெண்டு வருஷம் போட்டுப் பாத்தோமே, ஒரு கீறல்கூட விழலையே. இதுமேல என்னத்த ஊத்துனீங்க?"

"அம்மா வெள்ளிக்கிழமையானா அபிஷேகம் பண்ணுவாங்க மேடம். பால், தயிர், எலுமிச்சம்பழச் சாறு. எந்நேரமும் கதகதன்னு இருக்குல்ல, உயிருள்ள அம்மன்னு சொல்லுவாங்க. எங்க தெருவுல எல்லா வீட்லயும் அப்படித்தான்."

கதிர்வீச்சு மானியைக் கல்லருகே கொண்டுபோனார் செண்பகவல்லி. எண் ஏறிக்கொண்டே போனது. அவர் மானியை அணைத்துவிட்டார்.

"அபிஷேகம் பண்ணின பாலை எங்க கொட்டுவீங்க?"

"தீர்த்தத்தைப் போய் யாராவது கொட்டுவாங்களா?" என்று சிரித்தாள் பூங்கோதை. சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்காவுக்கு இது எட்டாம் மாசம். அவளுக்கு மட்டும் ஒரு டம்ளர் நிறைய. குடுக்கலாமான்னு அம்மா என்கிட்ட கேட்டாங்க மேடம். மேடம் கையெழுத்துப் போட்ட கல்லு, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்."