பிறந்த வீட்டுக் கோடி

பிறந்த வீட்டுக் கோடித்துணி போர்த்தாமல் உலகம்மாளின் பாடையைத் தூக்க முடியாது. அண்ணன் ஆவுடையப்பன் சீமைத்துணிக் கடைக்காரன். அவன் கொண்டுவந்த மெல்லிய சீமை மல் சேலையைக் கண்டதும் கதர்த் தொண்டர்கள் வாசலை மறித்தார்கள். அவன் கடைமுன் மறியலுக்கு நின்ற அதே ஆட்கள். அவர்களின் தலைவர், செத்தவளின் புருஷன் வேலாயுதம். அண்ணன் அவளுக்கு எடுத்துக்கொடுத்த சேலைகளையெல்லாம் போன மாதம்தான் சந்தையில் குவித்துத் தீ வைத்திருந்தார். அன்று முதல் அவள் கதர்தான் கட்டினாள்.

"சீமைத்துணி இந்த வாசப்படி ஏறாது" என்றார் வேலாயுதம்.

ஆவுடையப்பன் நீட்டிய கையை மடக்கவில்லை. "இதயும் கொளுத்தத்தான போறீய, மாப்ளே? அவ மேல கெடந்து எரியட்டுமே."

தொண்டர்கள் வேலாயுதத்தைப் பார்த்தார்கள். அவர் உலகம்மாளைப் பார்த்தார். முரட்டுக் கதர் உரசி உரசித் தடித்திருந்த அவள் கழுத்தை அப்போதுதான் கண்டார்.