வடக்கே போகிற டயர்

அவர் டயரின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் சாத்தியிருந்த மற்ற டயருக்குள்ளும் விட்டார்.

அவருடைய மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொறன்ரோவுக்குள்ள ஓடுறதெண்டா ஓல் சீசன் ரயரே காணும் அண்ணை," என்றான் கராஜ் வைத்திருக்கும் குகன். "கழட்டிப் பூட்டுற வேலையும் இல்லை. வடக்கால ஓடுறதெண்டாத்தான் விண்டர் ரயர் வேணும். அங்கத்தைய ஐசில இது பிடிக்காது."

"நாங்கள் எங்க ஓடுறது? கோயில், கடை, டொக்டர். இதையே போடும் தம்பி."

அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று.

வடக்கே, சட்பரியில், மகள் வாகினி இருக்கிறாள். தை மாதம் அவளுக்கு முதற்பிள்ளை பிறக்கப்போகிறது.

தானே ஒருவனைத் தேடிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. அவருடைய கோபத்துக்கு வெயிலும் பனியும் ஒன்றுதான்.

பஸ்ஸில் தாய் தனியாகப் போய்விடலாம். போனால், அவளுக்குப் பின்னால் வேறு யாரும் இறங்குகிறார்களா என்றுதான் வாகினி பார்ப்பாள்.

அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைத்துக் கொடுக்கும் சரக்குத்தூளைப் போன ஞாயிற்றுக்கிழமையே இடித்துவிட்டாள். தன் வீட்டில் வறுத்தால் அவருக்கு மணந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுச் சறோ அக்காவின் அடுப்பில் வறுத்தாள். பெரிய கெட்டிக்காரிதான். ஒன்றை மட்டும் மறந்துபோனாள்.

அடுப்பு மூட்டுமுன், மணம் ஏறாமல், குளிர்க்கோட்டை அலுமாரிக்குள் வைத்துச் சாத்த வேண்டும். இந்த நாட்டில் தமிழ் வீடுகளின் முதல் சட்டம் அது. அவள் கோட்டைக் கழற்றி சறோ அக்காவின் அடுப்படிக் கதிரையில் போட்டிருந்தாள்.

கராஜின் பெரிய கதவு மேலே ஏறியது. குளிர் உள்ளே பாய்ந்தது.

அவர் கராஜ் கதிரையில் கிடந்த அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

கோட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

அவள் நிலத்தைப் பார்த்தாள். வாகினி பிறந்தபோது இந்த ஊரில் உதவிக்கு ஒருவரும் இல்லை. நாலு பேரிடம் போனில் கேட்டுக் கேட்டு, மல்லியும் மிளகும் மஞ்சளும் கருகாமல் வறுத்து இடித்து, பிள்ளை பெற்ற அவளுக்குச் சமைத்துப் போட்டவர் அவர்தான்.

அவர் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டார். போய் அந்த மற்ற டயருக்கு முன்னால் குந்தினார்.

"தம்பி, இதைப் பூட்டும்."

"விண்டரோ அண்ணை? இப்பதானே…"

"ஓம். நாலும்."

குகன் உள்ளே போனான்.

அவர் டயரின் பள்ளத்துக்குள் திரும்பவும் விரலை விட்டார். அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மிளகு கூடிப்போச்சோ? வாகினிக்கு உறைப்பு ஆகாது."

அவள் கோட்டின் பொத்தான்களைப் பூட்டி முடித்தாள்.

"குறைச்சுத்தான் போட்டனான்."